அறியாத பாதையில் அடக்கமே முதல் பாடம்



‘பந்தயம்’ என்னும் சொல் நம் இல்லங்களில் நல்ல சொல்லாக ஒலிப்பதில்லை. பணத்தைப் பணயம் வைத்து ஆடும் சூதையும் நாம் அதே சொல்லால் குறிப்பதால், அதைக் கேட்ட அளவிலேயே பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அதனோடு ‘மோட்டார் சைக்கிள்’ என்பதும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்! நள்ளிரவில் கடற்கரைச் சாலையில் சீறிப்பாயும் வண்டிகளும், மறுநாள் காலையில் மருத்துவமனை வாசலில் கதறி நிற்கும் தாய்மாரும்தாம் நம் நினைவுக்கு வருகின்றனர். அந்த நினைவு பிழையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் முற்றிலும் வேறான இரண்டு உலகங்கள் இருக்கின்றன என்பதைத் தங்களுக்கு எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சென்னையில் இருசக்கர வண்டிகளுக்கான உதிரிப்பாகக் கடை நடத்தி வருபவன் நான். வயது முப்பத்தாறு. ஓய்வு நாள்களில் முறையான பந்தயப் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது என் பொழுதுபோக்கு. இதற்கெனக் கூட்டமைப்பினர் வழங்கும் உரிமம் பெற்றிருக்கிறேன். இதில் யாரும் யாரோடும் பணம் கட்டுவதில்லை. வென்றவருக்கு ஒரு கோப்பை, மேடையில் ஒரு கைதட்டல், அவ்வளவே. என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கோப்பையும் கிட்டுவதில்லை! கைப்பணம் செலவழிந்து, உடல் களைத்து, திங்கட்கிழமை காலையில் கடையைத் திறப்பதுதான் வழக்கம்.

நம் மாநிலத்துக்கும் இவ்விளையாட்டுக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் விமானங்களுக்காக ஓடுதளம் ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அந்த ஓடுதளத்திலேயே மோட்டார் பந்தயங்கள் நடைபெறலாயின. அங்கே கூடிய பெருங்கூட்டத்தைப் பற்றி என் அத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். பின்னர் 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே 3.7 கிலோமீட்டர் நீளமும் பன்னிரண்டு வளைவுகளும் கொண்ட பாதை திறக்கப்பட்டது. நான் பழகியது அந்தப் பாதையில்தான். அதன் ஒவ்வொரு வளைவும் எனக்கு வீட்டு மாடிப்படியைப் போன்றது. விளக்கில்லாமலும் ஏறி இறங்கலாம்.

அவ்வாறிருக்க, 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இதுவரை கால் வைத்திராத ஒரு பாதையில் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். அது கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே. கோவையில் பிறந்து, ‘ஃபார்முலா மாருதி’ என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, எளிய இளைஞர்களும் பந்தயத்தில் பங்குபெற வழிவகுத்தவர் எஸ். காரிவர்தன். 1995-இல் வான் விபத்தொன்றில் அவர் மறைந்தார். அவர் நினைவைப் போற்றும் வகையில் 2003-இல் தொடங்கப்பட்ட பாதைக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராகிய நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே என்பது தாங்கள் அறிந்ததுதான்.

அக்காள் கேட்ட கேள்வி

இம்முறை நான் தனியே செல்லவில்லை. என் அக்காளின் மகனையும் உடன் அழைத்துச் சென்றேன். பதினெட்டு வயது நிறைந்து கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பிள்ளை. மச்சான் துபாயில் வேலையில் இருக்கிறார். வீட்டில் நின்றிருந்த அவருடைய வண்டியை மருமகன்தான் ஓட்டி வருகிறான். தெருமுனையில் அவன் திரும்பும் ஓசையைக் கேட்டே அக்கம்பக்கத்தார் குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்ளும் அளவுக்கு அவன் ஓட்டம் பெயர் பெற்றுவிட்டது! இது போதாதென்று, இன்னும் பெரிய வண்டி ஒன்று வாங்கித் தரும்படி தொலைபேசியில் தந்தையை நச்சரித்துக்கொண்டிருந்தான்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு அக்காள் என்னிடம் நேரடியாகவே கேட்டாள்:

“தம்பி, நீ பந்தயம் ஓட்டுகிறாய். உன்னைக் கண்டிக்க எனக்கு உரிமையில்லை, உனக்கு வயதாகிவிட்டது. ஆனால் என் பிள்ளை உன்னைப் பார்த்துத்தானே இப்படிப் பறக்கிறான்? மாமா ஓட்டலாம், நான் ஓட்டக்கூடாதா என்று கேட்கிறானே, நான் என்ன பதில் சொல்வது?”

என்னிடம் ஆயத்தமான விடை எதுவும் இல்லை. “மூன்று நாள் அவனை என்னோடு அனுப்பு அக்கா. நான் ஒன்றும் போதிக்கப் போவதில்லை. அவன் பார்த்துவிட்டு வரட்டும்” என்றேன். அம்மா இருவருக்கும் துஆச் செய்து அனுப்பினார். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே செய்திருப்பார் என்று நினைக்கிறேன்!

வெள்ளி: நடந்தே கற்ற பாடம்

வியாழன் இரவு என் வண்டியைச் சிறிய சரக்கு வேனில் ஏற்றி, நான்கு புறமும் பட்டை கட்டி, ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வெள்ளி காலையில் செட்டிப்பாளையம் சேர்ந்தோம். போத்தனூர்ப் பக்கம் சென்று ஜும்ஆத் தொழுது திரும்பியதும் வண்டிப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றோம்.

இந்தப் பரிசோதனையைத் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். முகப்பு விளக்கு, பக்கக் கண்ணாடி, பக்கத் தாங்கி ஆகியவற்றை முன்னரே கழற்றியிருக்க வேண்டும். விழுந்தால் அவை உடைந்து பாதையில் சிதறும், அல்லது தரையில் குத்தி வண்டியைப் புரட்டும். என்ஜின் எண்ணெய் வடிக்கும் திருகாணியைத் துளையிட்டு மெல்லிய கம்பியால் கட்டியிருக்க வேண்டும். அது தளர்ந்து சில துளி எண்ணெய் சிந்தினாலும் பின்னால் வருபவர் அத்தனை பேரும் வழுக்கி விழுவார்கள். என்ஜினை நிறுத்தும் பொத்தான் வேலை செய்கிறதா, முறுக்கிய கைப்பிடி விட்டவுடன் தானே திரும்புகிறதா, பிரேக் பட்டைகளில் தேய்மானம் எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கிறார்கள். பிறகு ஓட்டுபவரின் முறை. முழுமுகத் தலைக்கவசம், கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் தோலாடை, முதுகெலும்புக் காப்பு, மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் ஏறும் காலணி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் பாதைக்குள் விடமாட்டார்கள்.

“மாமா, இவ்வளவு பார்ப்பார்களா?” என்றான் மருமகன். அவன் வண்டியின் பின்புறப் பிரேக் விளக்கு மூன்று மாதமாக எரியவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் எதுவும் சொல்லவில்லை.

மாலையில் பாதை நடைக்குத் திறந்துவிடப்பட்டது. புதிய பாதையில் ஓட்ட வருபவனுக்கு இந்த நடையைவிட மேலான ஆசான் இல்லை. ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் நீளம். சாதாரணமாக நடந்தால் அரை மணிக்கும் குறைவு. நாங்கள் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டோம். வழக்கப்படி வளைவுகளை ‘சி-1’, ‘சி-2’ என எண்ணிட்டு, மருமகன் ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொன்றையும் படமாக வரைந்துகொண்டே வந்தான். தார் எங்கே சொரசொரப்பாக இருக்கிறது, எங்கே தேய்ந்து பளபளக்கிறது என்று குனிந்து கையால் தடவிப் பார்த்தோம். ஒட்டுப் போட்ட இடங்களைக் குறித்தோம். ஓரத்தில் வண்ணம் தீட்டிய விளிம்புக் கற்களின் உயரத்தைப் பார்த்தோம். மழை பெய்தால் அந்த வண்ணத்தின்மீது டயர் நிற்காது. தவறிப் போனால் சென்று விழ எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது, கொடி காட்டுவோர் எங்கே நிற்பார்கள் என்பதையும் எழுதிக்கொண்டோம்.

ஒவ்வொரு வளைவுக்கும் மூன்று குறிகள் வேண்டும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடம் ஒன்று; வண்டியைச் சாய்க்கும் இடம் இரண்டு; வளைவின் உட்புறத்தைத் தொட்டு மீண்டும் முடுக்கும் இடம் மூன்று. குறியாக நிலைத்த பொருளையே கொள்ள வேண்டும். மரநிழலைக் குறியாகக் கொண்டால் காலையில் ஓரிடத்தில் இருக்கும். மாலையில் வேறிடத்தில் இருக்கும்!

அங்கே பல ஆண்டுகளாக வண்டிகளைச் செப்பனிட்டு வரும் முதியவர் ஒருவர் எங்கள் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சென்னைங்களா? முதல் தடவையா வந்திருக்கீங்க?” என்று வினவினார். ஆம் என்றேன்.

“அப்படின்னா தம்பி, நாளைக்கு முதல் பத்துச் சுற்று யாரையும் முந்திப் போடாதீங்க. இந்த ஊர்ப் பசங்க உங்களைத் தாண்டிப் போவாங்க. போகட்டும். அவங்க எங்கே பிரேக் பிடிக்கிறாங்கன்னு மட்டும் பாருங்க. சென்னை ரோடு மாதிரின்னு நினைச்சு வந்தவங்கதான் இங்கே முதல்ல விழுவாங்க.”

அதைக் கேட்ட என் மருமகனுக்கு ஏமாற்றம். பிறர் தாண்டிச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கா ஐந்நூறு கிலோமீட்டர் வந்தோம் என்பது போல் என் முகத்தைப் பார்த்தான்.

சனி: மெதுவாக ஓடி விரைவு பெறுதல்

முதியவர் சொன்னவாறே செய்தேன். முதல் பயிற்சியில் என்னைவிட இளையவர்களும், என்னைவிடச் சிறிய வண்டியில் வந்தவர்களும் கூட என்னைக் கடந்து சென்றனர். ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 41 விநாடி ஆயிற்று. தடுப்புச் சுவரருகே நிறுத்துக்கடிகாரத்தோடு நின்ற மருமகன் அந்த எண்ணை எழுதவே கூசினான்.

வாசகர்களே, வேகத்தைப் பற்றிய கணக்கு ஒன்றைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 25 மீட்டர். கண் ஒன்றைக் கண்டு, கை பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆகிறதென்றால், பிரேக் பிடிக்கும் முன்பே 25 மீட்டர் கடந்துவிடுகிறோம். அதன்பின் நல்ல தாரில், நல்ல டயரில், தேர்ந்த கையால் நிறுத்தினாலும் இன்னும் சுமார் 40 மீட்டர் வேண்டும். அதே வண்டி 45 கிலோமீட்டரில் சென்றால் இந்த 40 மீட்டர் 10 மீட்டராகக் குறைந்துவிடும். வேகம் இரு மடங்கானால் நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகிறது. இதுதான் இயற்கையின் கணக்கு. இக்கணக்கு பந்தயப் பாதைக்கும் நம் தெருவுக்கும் பொதுவானது. அங்கே 65 மீட்டர் வெற்றிடம் கிடைக்கும். நம் தெருவில் கிடைக்காது.

இரண்டாம் பயிற்சிக்கு முன் பின்சக்கரத்தின் ஸ்பிராக்கெட்டை மாற்றினோம். இருங்காட்டுக்கோட்டையில் நீண்ட நேர்ப்பாதை உண்டு. உச்ச வேகம் அங்கே உதவும். இங்கோ வளைவுகள் அடுத்தடுத்து நெருங்கி வருகின்றன. ஆகவே பற்கள் அதிகமுள்ள பெரிய ஸ்பிராக்கெட்டைப் பூட்டினால், உச்ச வேகம் சற்றுக் குறைந்தாலும் வளைவிலிருந்து வெளியேறும்போது வண்டி துள்ளி எழும். பழைய ஊரின் அமைப்பை அப்படியே புதிய ஊருக்குக் கொண்டுவந்தால் அது உதவாது என்பதை இயந்திரமும் சொல்கிறது.

அடுத்தடுத்து வரும் இரு வளைவுகளில்தான் உண்மையான பாடம் இருந்தது. முதல் வளைவில் விரைந்து பாய்ந்தால் பார்ப்போர் வியப்பர். ஆனால் வண்டி வெளிப்புறமாக இழுத்துச் சென்று, இரண்டாம் வளைவுக்குள் நுழைய வழியின்றி நிறுத்திவிடும். முதலாவதில் பொறுமையாக உட்புறத்தில் நின்றவனே இரண்டாவதிலிருந்து முழு வேகத்தோடு வெளியேறுகிறான். எங்கே பார்க்கிறோமோ அங்கேயே வண்டி செல்லும் என்பது இன்னொரு விதி. முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவன் தடுமாறுவான். அஞ்சி ஓரத்துப் பள்ளத்தைப் பார்ப்பவன் பள்ளத்துக்கே போவான். தலையைத் திருப்பி, வெளியேற வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும்.

லுஹர் தொழுகைக்குப் பின் மூன்றாம் பயிற்சி. அதில் 1 நிமிடம் 33 விநாடி. மாலையில் தகுதிச்சுற்று, 1 நிமிடம் 29 விநாடி. பத்தொன்பது பேரில் பதினான்காம் இடம். மருமகன் குறிப்பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “மாமா, காலையில் ஓடியதைவிட இப்போது நீங்கள் மெதுவாகப் போவது போலத்தான் எனக்குத் தெரிந்தது. கடிகாரம் வேறு சொல்கிறதே?” என்றான்.

பதறாமல் ஓடினால் பார்வைக்கு மெதுவாகத்தான் தெரியும் என்றேன். அவன் அதையும் எழுதிக்கொண்டான்.

ஞாயிறு: மஞ்சள் கொடி

ஜூலை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று கோவைக்குச் சாரலையும் கொண்டுவரும். ஞாயிறு காலையில் பாதை நனைந்திருந்தது. பதினொரு மணிக்கு வெயில் எட்டிப்பார்த்துத் தார் உலர்ந்தது. ஆயினும் ஓரங்களில் ஈரம் இருந்தது. எட்டுச் சுற்றுப் பந்தயம்.

பந்தயப் பாதையில் வாய்ப்பேச்சு கிடையாது, கொடிகளே மொழி. மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, எவரையும் முந்தாதே என்று பொருள். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் தரை வழுக்குகிறது. நீலக்கொடி, உன்னைவிட விரைந்தவன் பின்னால் வருகிறான், வழிகொடு என்பது. சிவப்புக் கொடி பந்தயத்தையே நிறுத்துவது. கறுப்புக் கொடியோடு உன் எண்ணைக் காட்டினால் நீ வெளியேற வேண்டும்; வாதம் செய்ய இடமில்லை. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இட்ட கொடியைத்தான் அனைவரும் அறிவோம். அது முடிவைக் குறிப்பது.

முதல் மூன்று சுற்றில் இருவரைக் கடந்து பன்னிரண்டாம் இடத்துக்கு வந்தேன். எனக்கு முன்னே இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன். சேலத்துப் பையன் என்று பின்னர் அறிந்தேன். நான்காம் சுற்றில் வளைவொன்றில் அவன் சற்று வெளியே சென்று ஈரமான ஓரத்தைத் தொட்டான். அடுத்த கணம் வண்டி ஒருபுறமும் அவன் ஒருபுறமுமாகத் தரையில் சறுக்கிச் சென்றனர். மஞ்சள் கொடி அசைந்தது. நான் முறுக்கைத் தளர்த்தினேன். எனக்குப் பின்னால் வந்த ஒருவரோ கொடியைப் பொருட்படுத்தாமல் என்னை முந்திக்கொண்டு பாய்ந்தார். அவர் சென்ற தடத்துக்கும், பாதையோரம் அந்த இளைஞனைத் தூக்கச் சென்ற பணியாளருக்கும் இடையே சில அடிகளே இருந்தன.

எட்டுச் சுற்றும் முடிந்தபோது நான் பன்னிரண்டாவதாகவே கோட்டைக் கடந்தேன். கொடியை மதியாதவர் பதினோராவதாக வந்தார். அரை மணி நேரத்தில் நடுவர்கள் அவருக்குத் தண்டனை நேரம் சேர்த்துப் பட்டியலில் கீழே தள்ளினர். எனக்கு ஓர் இடம் கூடிற்று. அதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சியில்லை. எனினும் கேட்க ஆளிருந்ததே என்ற நிறைவு இருந்தது.

விழுந்த இளைஞன் மருத்துவரின் பரிசோதனைக்குப் பின் நடந்தே வந்தான். இடது தோளிலும் இடுப்பிலும் தோலாடை வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. உள்ளே உடலில் கீறலில்லை. அவனுடைய தலைக்கவசத்தில் காது முதல் தாடை வரை ஆழமான தேய்மானம். என் மருமகன் அதை வாங்கி, தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தான். “இதை இனி அணியக் கூடாது தம்பி, ஓர் அடி வாங்கிய கவசம் அடுத்த அடியைத் தாங்காது” என்றார் செட்டிப்பாளையத்து முதியவர். மருமகன் மெல்லக் கேட்டான்: “இந்த இடம் கன்னம்தானே மாமா?”

ஆம் என்றேன். அவன் கல்லூரிக்கு அணிந்து செல்வது, தாடையை மூடாத பாதிக் கவசம். அதுவும் பல நாள்களில் வண்டியின் கைப்பிடியில்தான் தொங்கும்.

இரண்டு உலகங்கள்

பந்தயப் பாதையில் ஆபத்தே இல்லை என்று நான் கூறினால் அது உண்மையாகாது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நான் பழகிய இருங்காட்டுக்கோட்டைப் பாதையிலேயே, பெங்களூரைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் பந்தயத்தின்போது விழுந்து உயிர் நீத்தான். அந்தச் செய்தியைக் கேட்ட இரவு எங்கள் வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை. அத்தனை காவலும் கவசமும் இருக்கும் இடத்திலேயே அப்படி என்றால், எதுவுமில்லாத சாலையைப் பற்றி என்ன சொல்வது?

எண்ணிப் பாருங்கள். பந்தயப் பாதையில் அனைவரும் ஒரே திசையில் செல்கின்றனர். எதிரே லாரி வராது. குறுக்கே ஆடும் நாயும் வாரா. பள்ளிப்பிள்ளை பந்தை விரட்டி ஓடிவராது. விழுந்தால் சறுக்கிச் செல்ல வெற்றிடம் இருக்கிறது. மின்கம்பமும் தடுப்புச்சுவரும் காத்திருப்பதில்லை. வளைவுதோறும் கண்காணிப்பவர் நிற்கிறார். ஆம்புலன்ஸ் என்ஜினை இயக்கியபடி நிற்கிறது. இத்தனையும் அமைந்த இடத்தில், பயிற்சி பெற்றவர்கள், முதல் நாள் நடந்து பார்த்துவிட்டு, இரண்டாம் நாள் மெதுவாக ஓடிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள்தான் பந்தயம் ஓடுகின்றனர். நம் பிள்ளைகளோ இவற்றுள் ஒன்றுமில்லாத இடத்தில், பார்த்திராத சாலையில், தலையில் கவசமின்றி, பின்னால் ஒரு நண்பனையும் ஏற்றிக்கொண்டு முதல் நிமிடத்திலேயே முழு வேகத்தை முறுக்குகின்றனர்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் பத்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர். இவர்களுள் எத்தனை பேர் ஏதோ ஒரு வீட்டின் ஒரே பிள்ளையோ, யார் கண்டார்?

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

பிள்ளைக்கு வேகத்தின்மீது ஆசை இருப்பது புதுமையன்று. அதை அதட்டலால் மட்டும் அடக்கிவிட முடியாது. அதட்டினால் நம் கண்ணெதிரே மெதுவாகவும், தெருமுனை தாண்டியதும் விரைவாகவும் ஓட்டுவான். அந்த ஆசைக்கு உரிய இடத்தைக் காட்டுவது ஒரு வழி. பெற்றோரின் துணையோடு இத்துறையில் வளர்ந்தவர்கள் நம்மிடையே உண்டு. சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா சிறுமியாக இருந்தபோதே சிறுகார்ப் பந்தயத்தில் தொடங்கி, மோட்டார் சைக்கிள், கார் என இரண்டிலும் பெயர் பெற்றார். அவருடைய தந்தையும் மோட்டார் சைக்கிள் பந்தய வீரரே. தகப்பன் பாதையோரம் நின்று பார்த்த ஓட்டத்துக்கும், தகப்பனுக்குத் தெரியாமல் இரவில் ஓடும் ஓட்டத்துக்கும் எத்துணை வேறுபாடு!

எல்லாப் பிள்ளைகளும் பந்தயம் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் செலவும் மிகுதி. எல்லார் வீட்டிலும் அது இயலாது. ஆனால் அங்கே கடைப்பிடிக்கும் ஒழுங்கில் பாதியையேனும் நம் வாசலுக்குக் கொண்டுவர ஒரு காசும் தேவையில்லை. பிள்ளை வண்டியை எடுக்குமுன் டயரையும் பிரேக்கையும் விளக்கையும் அவனையே பார்க்கச் சொல்லுங்கள். முழுமுகக் கவசத்தை வாங்கிக் கொடுத்து, தாடைப் பட்டையை மாட்டுகிறானா என்று வாசலில் நின்று பாருங்கள். பின்னால் அமர்பவருக்கும் கவசம் வேண்டும்; பர்தா அணிந்த தாய்க்கும் சகோதரிக்கும் அது வேண்டும். புதிய ஊருக்குச் செல்லும்போது, முதல் முறை மெதுவாகச் சென்று பாதையை அறிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

பதினெட்டு நிறையாத பிள்ளையிடம் உரிமமின்றிச் சாவியைக் கொடுக்கவே வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அவ்வாறு சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அபராதத்தைக் கட்டிவிடலாம். மற்றொன்று நேர்ந்துவிட்டால் அதற்கு ஈடு கட்ட எவராலும் முடியாது.

கோவையிலிருந்து திரும்பிய மறுநாள் மருமகன் தன் வண்டியை என் கடைக்குக் கொண்டுவந்து பிரேக் விளக்கை மாற்றினான். பெரிய வண்டி வேண்டும் என்ற ஆசை அவனுக்கு இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று அக்காளிடம் நான் சொல்லவும் இல்லை. முதலில் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, பாதையில் ஓட்டக் கற்று, ஓராண்டு கழித்து அதைப் பற்றிப் பேசலாம் என்று மச்சான் துபாயிலிருந்து சொல்லியிருக்கிறார். அக்காள் இன்னும் சம்மதிக்கவில்லை. அவளுடைய அச்சத்துக்கு நியாயம் உண்டு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். “தெருமுனையில் இப்போது சத்தம் கேட்பதில்லை. அது எத்தனை நாளைக்கு என்று பார்க்கிறேன்” என்கிறாள்.

வாசகப் பெருமக்களே! உங்கள் வீட்டிலும் ஒரு வண்டி நிற்கும். அதன் சாவிக்காக ஒரு கை நீளும். அந்தக் கையைத் தட்டிவிடுவதற்கு முன்பும், சாவியை வைப்பதற்கு முன்பும், ஒருநாள் அவனோடு அமர்ந்து பேசுங்கள். போன பிள்ளை போனபடியே வீடு திரும்ப வேண்டும் என்பதைவிடப் பெரிய வெற்றி எந்தப் பந்தயத்திலும் இல்லை. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவரையும் பாதுகாப்பானாக!